கல்லும் செம்மறியும்

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கடலில் ஹாரிஸ் என்றொரு பிரதேசம் உண்டு. டார்பர்ட் துறைமுகத்திலிருந்து தென்முனையான ரோடல் வரை, கிழக்குக் கரையோரமாக ஒரு வீதி செல்கிறது. அமைக்கப் பெருந்தொகை செலவானதால் அதனைத் 'தங்க வீதி' என்பர். ஒரு வாகனத்துக்கே இடமுண்டு. நடுவீதியில் செம்மறி படுத்திருந்தால், அது எழும்பும்வரை நீங்கள்தான் பொறுத்திருக்க வேண்டும்.

எங்கு பார்த்தாலும் சாம்பல்நிறப் பாறை. இங்கு மனிதர் ஏன் குடியேறினர்? குடியேறவில்லை, துரத்தப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டில், மேற்குக் கரையின் புல்வெளிகளைப் பெரும் ஆட்டுப் பண்ணைகளாக்குவதற்காக நிலவுடைமையாளர்கள் குடியானவர்களை வெளியேற்றினர். வந்தவர்கள் கடற்பாசியையும் கிடைத்த மண்ணையும் பாறைமேல் குவித்து, பாத்தி கட்டி, உருளைக்கிழங்கு பயிரிட்டனர். அத்தடங்களை இன்றும் காணலாம். ஆனால் இறந்தவரைப் புதைக்க ஆழமான மண் இருக்கவில்லை. பிரேதத்தைச் சுமந்துகொண்டு, மலை கடந்து மேற்குக் கரைக்கே சென்றனர். வாழ மறுக்கப்பட்ட மண்ணில் அடங்க மட்டும் இடம் கிடைத்தது!

இன்று அம்மக்களின் கைத்தொழில் கம்பளி நெசவு. தீவுவாசிகள் தம் வீட்டில் கையால் நெய்த துணிக்கே 'ஹாரிஸ் ட்வீட்' எனும் பெயர் உரியது என 1993ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அன்று வீட்டைப் பறித்த செம்மறியின் ரோமம், இன்று வீட்டுக்குச் சோறு தருகிறது.

ஆட்டில் குற்றமில்லை, மனிதனின் பேராசையில்தான் குற்றம். சிந்திப்போமா?