மலையைச் சுற்றி ஒரு குப்பைக் கணக்கு

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அதாவது 14,000 மீட்டர். பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் இந்தப் பாதையில் மலையை வலம் வருகிறது. கார்த்திகை தீபத்தன்றும் சித்திரா பௌர்ணமியன்றும் கூட்டம் பல இலட்சமாகப் பெருகிவிடும்.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஓர் இரவில் 5 இலட்சம் பேர் நடப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் எல்லோரும் ஓரளவு பொறுப்பானவர்கள்தான். ஆளுக்கு ஒரே ஒரு தேநீர்க் கோப்பையைத்தான் கீழே போடுகிறார்கள். இப்போது 5,00,000-ஐ 14,000-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை ஏறத்தாழ 36. அதாவது பாதையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 36 கோப்பைகள்! நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட கோப்பைகள் கிடக்கும்.

'நான் ஒருவன் ஒரு கோப்பையைப் போடுவதால் என்ன கெட்டுவிடும்?' என்று ஒவ்வொருவரும் நினைக்கிறோம். தனித்தனியாகப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றும். ஐந்து இலட்சம் நியாயங்களைக் கூட்டிப் பார்க்கும்போதுதான் கணக்கு வேறாகிவிடுகிறது. அப்படிப் போட்ட கோப்பையும் தட்டும் பையும் பிறகு என்ன ஆகின்றன? அறிவியல் நோக்கில் காண்போம்.

மலைக்கும் ஏரிக்கும் நடுவே

கோயிலிலிருந்து புறப்பட்டு அக்கினி லிங்கத்தைத் தாண்டி, செங்கம் சாலை வழியாக ரமணாசிரமம் பகுதிக்கு வருகிறோம். வலப்புறம் மலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம் கொண்ட கடினப் பாறை மலை அது. ஆசிரமத்திலிருந்து சிறிது தொலைவில் சமுத்திரம் ஏரி இருக்கிறது. பாதை நெடுகிலும் தீர்த்தக் குளங்கள் பல உண்டு.

கிரிவலப் பாதை மலையைச் சுற்றி ஒட்டியாணம் போல் அமைந்திருக்கிறது. பாறையில் மழைநீர் அதிகம் இறங்காது. சரிவில் வழிந்து ஓடிவிடும். அப்படி வழிந்துவரும் நீர் மலையை விட்டு வெளியேற வேண்டுமானால், எந்தத் திசையில் ஓடினாலும் எங்கேனும் ஓரிடத்தில் இந்தப் பாதையைக் குறுக்கிட்டே ஆக வேண்டும். பாதையில் கிடப்பது எதுவாக இருந்தாலும் நீர் அதையும் இழுத்துக்கொண்டு கால்வாய்க்கும் ஏரிக்கும் போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கார்த்திகை தீபம் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வருகிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலமும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே. மிகப் பெரிய கூட்டமும் மழையும் ஒரே பருவத்தில் வருகின்றன. எனவே 'நாளைக்குக் கூட்டிக்கொள்ளலாம்' என்று விடும் குப்பை, மறுநாள் பெருக்குவோர் வருமுன்பே மழையோடு போய்விடக்கூடும்.

சங்கிலி அறுவதில்லை

வாழை இலை மட்கிவிடுகிறது. பாலித்தீன் பை ஏன் மட்குவதில்லை? இரண்டுமே நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனவை. இலையில் இருப்பது செல்லுலோஸ்; குளுக்கோஸ் அலகுகள் கோத்த சங்கிலி. பூமியில் தாவரங்கள் தோன்றிய காலத்திலிருந்து செல்லுலோஸ் இருந்து வருகிறது. அதை வெட்டித் தின்பதற்கான என்சைம்களைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் பெற்றுவிட்டன.

பாலித்தீனின் சங்கிலி முழுவதும் கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பிணைந்தது. 1933-ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்து நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நுண்ணுயிரிகளின் கணக்கில் அது நேற்று வந்த பொருள். அதை எளிதில் வெட்டும் கத்தரிக்கோல் அவற்றிடம் இல்லை. 'பிளாஸ்டிக் மட்க 500 ஆண்டு ஆகும்', '1000 ஆண்டு ஆகும்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்பொருள் பிறந்தே இன்னும் நூறு ஆண்டு ஆகவில்லையே! ஆகவே அவையெல்லாம் மதிப்பீடுகள். கண்ணால் கண்ட அளவுகள் அல்ல.

வெயிலில் கிடந்தால் பை பொடிந்து போகிறதே, அது மட்குவது ஆகாதா? ஆகாது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் பையை நொறுங்கச் செய்கின்றன. துண்டுகள் சிறிதாகின்றனவே தவிர, அவை பிளாஸ்டிக்காகவே இருக்கின்றன. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய இத்துண்டுகளை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். பையாக இருந்தால் குனிந்து எடுத்துவிடலாம். நுண்பிளாஸ்டிக்காகி மண்ணில் கலந்த பிறகு எப்படிப் பொறுக்குவது?

'காகிதக் கோப்பைதானே' என்பாரும் உண்டு. காகிதத்தில் சூடான தேநீரை ஊற்றினால் ஊறிப் பிய்ந்துவிட வேண்டும் அல்லவா? பிய்வதில்லை, ஏனென்றால் பெரும்பாலான கோப்பைகளின் உட்புறத்தில் மெல்லிய பாலித்தீன் பூச்சு இருக்கிறது. அது காகித வேடமிட்ட பிளாஸ்டிக்.

மட்கும் என்றால் எங்கும் போடலாமா?

அப்படியானால் இலையில் உண்டு இலையை எறிந்தால் குற்றமில்லை என்று நினைக்கலாம். அதுவும் சரியில்லை. இலை மட்குவதற்கு மண், ஈரம், காற்று, நுண்ணுயிரிகள் நான்கும் வேண்டும். தார்ச்சாலையில் இவை சேர்ந்து கிடைப்பதில்லை. அங்கே இலை காய்ந்து பறக்கும். அல்லது மிதிபட்டு வழுக்கும். பிறகு கால்வாயை அடைக்கும்.

இலையும் மீந்த சோறும் குளத்தில் விழுந்தால் கேடு இன்னும் பெரிது. அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பல்கிப் பெருகி, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செலவழித்துவிடும். மீன்கள் மூச்சுவிட ஆக்சிஜன் இராது. நேற்றுவரை தெளிந்திருந்த குளத்தில் மீன்கள் செத்து மிதப்பதற்கு, நஞ்சுதான் கலக்க வேண்டும் என்பதில்லை. மிச்சச் சோறே போதும்.

சோற்றைப் பாலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டு எறிவது எல்லாவற்றிலும் மோசம். பைக்குள் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள் அதை அழுகச் செய்து துர்நாற்றமுள்ள வாயுக்களை வெளியிடும். உரமாகியிருக்க வேண்டிய சோறு வீண். மீண்டும் உருக்கிப் பயன்படுத்தியிருக்கக்கூடிய பையும் வீண்.

பசுவின் வயிற்றில்

ரமணாசிரமத்தில் 1948-இல் இறந்த லட்சுமி என்னும் பசுவுக்குச் சமாதி இருக்கிறது. பசுவை அவ்வளவு போற்றும் ஊரில், நாம் முடிச்சிட்டு எறிந்த பை தெருவில் திரியும் பசுவுக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள்.

பைக்குள் சோற்றின் வாசனை வருகிறது. பசுவால் முடிச்சை அவிழ்க்க முடியாது. பையோடு சேர்த்து விழுங்கிவிடும். பசு முதலில் விழுங்கும், பிறகுதான் அசைபோடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதன் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. பெரிய அறையில் தங்கும் உணவு நன்றாக அரைபட்டுச் சிறு துகளான பின்பே அடுத்த அறைகளுக்குச் செல்லும். பாலித்தீன் அரைபடுவதுமில்லை, செரிப்பதுமில்லை. ஆகவே அங்கேயே தங்கி, பையோடு பை பின்னிக் கயிறு போலவும் பந்து போலவும் திரண்டுவிடும். வயிறு நிறைந்தே இருக்கும். ஆனால் பசு பட்டினி கிடக்கும். 2019-இல் சென்னையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். உங்களில் பலருடைய எடையே அவ்வளவுதான் இருக்கும்!

கடல் கடந்த ஒரு பண்ணை

கூட்டமும் குப்பையும் நம் நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் மைக்கேல் ஈவிஸ் என்ற பால்பண்ணைக்காரர், 1970-இல் தம் மாட்டுப் பண்ணையில் ஓர் இசைவிழா நடத்தினார். நுழைவுக் கட்டணம் ஒரு பவுன், பால் இலவசம். அன்று வந்தவர்கள் சுமார் 1,500 பேர். இன்று கிளாஸ்டன்பரி இசைவிழா என்று பெயர் பெற்றுவிட்ட அதற்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் வந்து, வயல்வெளியில் கூடாரமடித்துச் சில நாட்கள் தங்குகிறார்கள்.

விழா முடிந்ததும் பலர் கூடாரத்தைக்கூட மடித்து எடுக்காமல் போய்விடுவது அங்கே பெரிய தொல்லை. ஆண்டின் மற்ற நாட்களில் மாடுகள் மேயும் பண்ணை அல்லவா அது? புல்லில் கிடக்கும் கம்பியும் பிளாஸ்டிக்கும் அவற்றின் வாய்க்குத்தானே போகும்? எனவே 'நீ வந்த சுவடே தெரியாமல் போ' என்பதை விழா நடத்துவோர் வருவோரிடம் வலியுறுத்துகிறார்கள். 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளை அங்கு விற்பதில்லை. குழாய்களில் குடிநீர் பிடித்துக்கொள்ளலாம். நிலம் இளைப்பாறுவதற்காகச் சில ஆண்டுகளில் விழாவையே நடத்துவதில்லை. 2018 அத்தகைய ஓர் ஆண்டு.

கிரிவலப் பாதைக்கு அப்படி ஓய்வு கிடையாது. மாதம் தவறாமல் பௌர்ணமி வருகிறது. ஆகவே நம் பொறுப்பு அவர்களுடையதைவிட அதிகம்.

கலப்பது எளிது, பிரிப்பது கடினம்

ஒரு கிண்ணத்தில் ரவையையும் சர்க்கரையையும் கொட்டிக் கலக்குங்கள். ஐந்து நொடி போதும். இனி அவற்றைத் தனித்தனியே பிரியுங்கள் பார்ப்போம்! கலப்பதற்கு உழைப்பே வேண்டாம். பிரிப்பதற்கோ மிகுந்த உழைப்பு வேண்டும். இது இயற்கையின் விதிகளில் ஒன்று.

குப்பைக்கும் இதே விதிதான். நம் கையில் இருக்கும்வரை தட்டு தனி, புட்டி தனி, மிச்சச் சோறு தனி. தனியாகக் கிடைக்கும் சோறு உரமாகும். புட்டி மீண்டும் மூலப்பொருளாகும். எல்லாவற்றையும் ஒரே குவியலில் எறிந்த அந்தக் கணத்தில் இரண்டும் கெட்டுவிடுகின்றன. பிறகு யாரோ ஒருவர் அந்த அழுகலுக்குள் கைவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். விடியும்போது துடைப்பத்துடன் வரும் துப்புரவுத் தொழிலாளியின் கை அது. உடைந்த கண்ணாடியும் குச்சியும் கிழிப்பது அந்தக் கையைத்தான். நாம் இரண்டு நொடியில் செய்யக்கூடிய வேலையை அவர் மேல் சுமத்துவது எந்த விதத்தில் நியாயம்?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. கைப்பை, தண்ணீர்ப் பொட்டலம், உறிஞ்சுகுழல், தெர்மோகோல் தட்டு, பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பை ஆகியவை அவற்றுள் சில. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. சட்டம் பொருளைத் தடுக்கும். ஆனால் நம் கையைப் பிடித்துக்கொண்டு 14 கிலோமீட்டர் கூடவே நடந்து வராது. கையிலிருப்பதை எங்கே விடுகிறோம் என்பது நம் பொறுப்பு.

நடப்பவர் என்ன செய்யலாம்? ஒரு சிறிய எவர்சில்வர் தம்ளர், தண்ணீர்ப் புட்டி, துணிப்பை மூன்றும் போதும். தம்ளர் இருந்தால் கோப்பை வேண்டியதில்லை. தொட்டி கண்ணில் படும்வரை குப்பையைத் துணிப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம். இரவு தங்குவோர், படுக்க விரித்ததையும் உண்ட மிச்சத்தையும் அப்புறப்படுத்திய பிறகே இடத்தை விட்டுப் புறப்பட வேண்டும்.

அன்னதானம் செய்வோர் பொறுப்பு இதைவிடப் பெரிது. ஒருவர் எடுக்கும் முடிவு ஆயிரம் தட்டுகளைத் தீர்மானிக்கிறது. மந்தாரை இலை, ஆல இலை, புரச இலை முதலியவற்றை ஈர்க்கால் தைத்து உண்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். ரமணர் தம் ஆசிரமச் சமையற்கூடத்தில் காய் நறுக்கியதையும் இலை தைத்ததையும் அடியார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தையல் இலையோ, உதிர்ந்த பாக்குமட்டையை அழுத்திச் செய்த தட்டோ கொடுத்து, அருகிலேயே இலைக்கு ஒரு தொட்டி, சோற்றுக்கு ஒரு தொட்டி வைத்து, கடைசித் தட்டு வந்து சேரும்வரை காத்திருந்தால்தான் அன்னதானம் முடிந்தது என்று பொருள்.

செய்து பாருங்கள்

1. ஒரு காகிதக் கோப்பையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் காகிதத்தை மெதுவாக உரித்தெடுங்கள். கடைசியில் கண்ணாடி போன்ற மெல்லிய உறை ஒன்று மிஞ்சினால், அதுதான் மேலே சொன்ன பூச்சு.

2. ஒரு பெரிய மண்தொட்டியில் ஈரமண் நிரப்பி, வாழை இலை, செய்தித்தாள், காகிதக் கோப்பை, பாலித்தீன், தெர்மோகோல் ஆகியவற்றில் உள்ளங்கை அளவு துண்டு ஒவ்வொன்றைத் தனித்தனி இடத்தில் புதையுங்கள். அடையாளக் குச்சி நடுங்கள். மண் காயாமல் நீர் தெளித்து வாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோண்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து அட்டவணையாக எழுதுங்கள்.

3. உங்கள் ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள் காலை, தெருவில் 10 மீட்டரை அளந்து, அதில் கிடப்பவற்றை வகை வகையாக எண்ணுங்கள். இப்படி ஐந்து இடங்களில் எண்ணிச் சராசரி எடுத்து, தெருவின் மொத்த நீளத்துக்குக் கணக்கிடுங்கள். கிடைத்த எண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடங்களில் எண்ணுங்கள். எண் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.