மகனை இழந்தார், ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்பா ஆனார்!

அமெரிக்காவில் ஓகையோ மாநிலம் இருக்கிறது. அங்கே எலீரியா என்று ஒரு சிறிய ஊர். கிளீவ்லாண்டு நகரத்துக்குப் பக்கத்தில் உள்ளது.

1907-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி. போரில் இறந்தவர்களை நினைத்து அமெரிக்கர்கள் அஞ்சலி செலுத்தும் விடுமுறை நாள் அது. டிராம் வண்டிகளில் நல்ல கூட்டம்.

திடீர் என்று ஒரு டிராம் வண்டி இன்னொரு வண்டியில் மோதியது. பலர் உயிர் இழந்தார்கள். அவர்களில் ஒரு வாலிபர் ஹோமர். வயது 18.

ஆஸ்பத்திரி இல்லை

ஹோமரின் தகப்பனார் எட்கர் ஆலன். மர வியாபாரி. ரெயில் பாதைக்குக் கட்டைகளும், தந்திக் கம்பங்களும் விற்று வந்தார். வசதியானவர்.

பணம் இருந்து என்ன பயன்? அடிபட்டவர்களுக்கு நல்ல சிகிச்சை அளிக்க ஊரில் வசதியான ஆஸ்பத்திரி இல்லை. "ஆஸ்பத்திரி இருந்திருந்தால் மகன் பிழைத்திருப்பானே!" என்ற எண்ணம் ஆலனை வாட்டியது.

அவர் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. வியாபாரத்தை விற்றார். ஊராரிடம் நன்கொடை வசூலித்தார். அடுத்த ஆண்டே, 1908-ல், ஆஸ்பத்திரி எழுந்தது.

மறைத்து வைத்த குழந்தைகள்

ஆஸ்பத்திரி வந்த பிறகுதான் இன்னொரு துயரம் ஆலனுக்குத் தெரிந்தது. கை கால் ஊனமான குழந்தைகளைச் சில பெற்றோர் வெளியே காட்டுவதே இல்லை. பிறர் பார்த்தால் அவமானம் என்று வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்குப் படிப்பும் இல்லை, வைத்தியமும் இல்லை.

அவர்களுக்காகவே 1915-ல் தனி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அங்கு வந்த குழந்தைகள் ஆலனை "டாடி" என்று அழைத்தார்கள். "டாடி ஆலன்" என்பதே அவர் பெயர் ஆகிவிட்டது. ஒரு பிள்ளையை இழந்தவருக்கு எத்தனையோ பிள்ளைகள்!

சங்கம் சேர்ந்தது

ஒரு ஊரில் ஆஸ்பத்திரி கட்டினால் போதுமா? மற்ற ஊர்க் குழந்தைகள் என்ன செய்வார்கள்?

இங்கேதான் ரோட்டரி சங்கம் வருகிறது. 1905-ல் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் 3 நண்பர்களுடன் தொடங்கிய சங்கம் அது. ஒவ்வொரு உறுப்பினர் இடத்திலும் மாறி மாறிக் கூடியதால், "சுழற்சி" என்னும் பொருள் தரும் ரோட்டரி என்ற பெயர் ஏற்பட்டது.

எலீரியாவில் 1918-ல் ரோட்டரி சங்கம் அமைந்தது. வியாபாரிகள், வக்கீல்கள், டாக்டர்கள் சேர்ந்தார்கள். ஆலனும் சேர்ந்தார். ஊனமுற்ற குழந்தைகளின் குறையை அவர்களிடம் எடுத்துச் சொன்னார். ஓகையோ மாநிலத்தின் மற்ற ஊர்ச் சங்கங்களும் கை கொடுத்தன.

1919-ல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான தனிச் சங்கம் பிறந்தது. பிற மாநிலங்களிலும் அது பரவியது. வழிகாட்டியவர் ஆலன். பால் ஹாரிசும் இந்தப் பணியில் பங்கு கொண்டார்.

ஒரு சிறு முத்திரை

1934-ல் நிதி திரட்ட ஒரு யோசனை செய்தார்கள். ஈஸ்டர் பண்டிகையின்போது சிறிய ஒட்டு முத்திரைகள் விற்றார்கள். கடித உறைமேல் ஒட்டலாம். ஏழைகளும் வாங்கி உதவலாம். இதனால் சங்கத்துக்கே பின்னால், 1967-ல், "ஈஸ்டர் முத்திரை" என்று பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. அந்தச் சங்கம் இன்றும் பணி செய்கிறது.

ரோட்டரியும் அந்தப் பாதையை மறக்கவில்லை. குழந்தைகளை முடமாக்கும் போலியோவை ஒழிக்க 1985-ல் உலக அளவில் பெரிய இயக்கம் தொடங்கியது. அரசாங்கங்களும் பல அமைப்புகளும் சேர்ந்து பாடுபட்டன. 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது.

டாடி ஆலன் 1937-ல் காலமானார். மகன் உயிரை அவரால் மீட்க முடியவில்லை. ஆனால் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த குழந்தைகள் வெளியே வந்தார்கள், நடந்தார்கள், படித்தார்கள்!