மன்றாட்டைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்
ஆங்கிலத்தில் ‘பிசீச்’ என்பது ஒரு வினைச்சொல். மனமுருகி மன்றாடுதல் என்பது அதன் பொருள். ‘தேடு’ எனப் பொருள்படும் ‘சீக்’ என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரினின்று பிறந்தவை. இங்கிலாந்தின் வடபுல வழக்கைத் தழுவி ஒன்றின் ஈறு ககரமாயிற்று; தென்புல வழக்கைத் தழுவி மற்றதன் ஈறு சகரமாயிற்று. ‘பி’ என்னும் முன்னொட்டுப் பொருளுக்கு வலிவூட்டிற்று. ஆகவே, மன்றாடுவோன் பிறர் அருளை விடாது தேடுபவன் ஆவான்.

1650 ஆகஸ்டுத் திங்கள் 3 ஆம் நாள், ஸ்காட்லாந்தினுள் படையுடன் புகுந்திருந்த கிராம்வெல், அந்நாட்டுத் திருச்சபையினர்க்கு ஒரு மடல் விடுத்தார். தாம் பிழைபட்டிருத்தலும் கூடும் என்று எண்ணிப் பார்க்குமாறு, இச்சொல்லாலேயே அவர்களை வேண்டினார். அவர்கள் இணங்கிலர். சரியாக ஒரு திங்கள் கழிந்ததும் டன்பாரில் போர் மூண்டது, பலர் மடிந்தனர். சொல் உருக்கமானதே, எனினும், படையோடு நின்று வேண்டுவது மன்றாட்டு ஆகுமோ?