உங்களுக்குத் தெரியுமா? இல்லத்தரசிக்கு என்ன சம்பளம்?
சாலை விபத்தில் இல்லத்தரசி இறந்தால், எந்த வருமானத்தை வைத்து இழப்பீடு போடுவது? 1994-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த அட்டவணை, கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றது. அவருக்குச் சம்பளம் குறைந்தால், மனைவி வடித்த சோற்றுக்கும் மதிப்புக் குறைவாம்!

1989 ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில், 2001-இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசிகளின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என மதிப்பிட்டது. அதே நீதிமன்றத்தின் 2021 ஜனவரித் தீர்ப்பு இன்னும் ஒருபடி மேலே போனது. வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொன்ன அரசுக் கணக்கெடுப்பை நீதிபதி எடுத்துக்காட்டினார். இல்லத்தரசியின் கணக்கில் வருங்கால வருமான உயர்வும் சேர வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த வழக்கில், டெல்லியில் மோட்டார் சைக்கிளில் சென்று பலியான தம்பதியின் குடும்பத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் தரவேண்டிய தொகை, 22 லட்சத்திலிருந்து 33.20 லட்சம் ரூபாயானது.