“மிஸ்... இன்னொரு தபா சொல்லு மிஸ்!” - மரியாதை ‘ங்க’வில் மட்டும்தான் இருக்கிறதா?

“மிஸ்... அந்தக் கணக்க இன்னொரு தபா சொல்லு மிஸ். பிரியல!”

நான்காம் வகுப்பு. கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்று கேட்டான் அந்தப் பையன். அப்பாவுக்குக் காசிமேட்டில் விசைப்படகில் வேலை. ஆசிரியையின் முகம் சட்டென்று மாறியது.

“டீச்சர்கிட்ட பேசற பேச்சா இது? என்ன ‘சொல்லு’? வீட்ல இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?”

வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அந்தக் கணக்கு மறுபடி சொல்லப்படவே இல்லை. அந்த வருஷம் முழுக்க அவன் வேறெந்தச் சந்தேகமும் கேட்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். எனக்கும் அந்தக் கணக்கு புரியவில்லை. அவனுக்கு விழுந்த திட்டைப் பார்த்து நானும் வாயைத் திறக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து யோசித்தால் ஒன்று உறைக்கிறது. அவன் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். அதற்குள் எத்தனை முறை ‘மிஸ்’ சொன்னான் என்று மேலே பாருங்கள். அவன் மரியாதை அங்கேதான் இருந்தது!

‘வா சார், குந்து சார்’

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஆட்டோவுக்குக் கை காட்டியவர்களுக்குத் தெரியும். “வா சார், குந்து சார், எங்க போணும்?” என்பார் ஓட்டுநர். வெளியூர்க்காரர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். ஆனால், அதில் அலட்சியம் துளியும் இருக்காது. வினைச்சொல் ஒருமையில் இருந்தாலும், மரியாதையை ‘சார்’ சுமந்துகொள்கிறது. மீன் மார்க்கெட்டில் ‘யக்கா’, கடையில் ‘அண்ணே’, தெருவில் ‘இன்னாபா’... எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன.

இந்தப் பேச்சு துறைமுகத்தோடு வளர்ந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. துறைமுகம், ரயில், பிறகு எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலைகள் என்று வேலை தேடி வந்தவர்கள் தமிழ், தெலுங்கு, உருது என்று பல மொழிக்காரர்கள். ‘தபா’வும் ‘பேஜா’ரும் ‘நாஷ்டா’வும் உருது வழியாக வந்தவை, ‘நைனா’ தெலுங்கு. ஒருவருக்கொருவர் சட்டென்று புரிய வேண்டிய இடத்தில் உருவான மொழி இது.

கோவைக்காரர்களின் பேச்சில் ‘ங்க’ தானாக ஒட்டிக்கொள்ளும். வடசென்னையில் அது அவ்வளவாக ஒட்டுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். தமிழ்நாட்டில் பல வீடுகளில் அம்மாவை ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறோம். சாமியிடமும் ‘நீதான் காப்பாத்தணும்’ என்றுதான் வேண்டுகிறோம். அங்கெல்லாம் மரியாதை குறைந்தா போய்விட்டது? ஒருவரைப் பன்மையில் சொல்வது, உயர்த்திப் பேசும் வழக்கத்தால் வந்ததே தவிர இலக்கண முறை அல்ல என்று தொல்காப்பியமே சொல்கிறது.

கோரஸாக ஒரு ‘புரிஞ்சுது!’

வகுப்பில் வாய் மூடிய பிள்ளை என்ன ஆகிறது? “புரிஞ்சுதா?” என்று ஆசிரியர் கேட்டால், “புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்!” என்று நாற்பது குரல் ஒன்றாக எழும். அந்தச் சத்தத்துக்குள் புரியாத பிள்ளை பத்திரமாக ஒளிந்துகொள்ளும். பரீட்சைத் தாள் வரும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

வீட்டிலும் நாம் இதற்கு உதவி செய்கிறோம். கேள்வி கேட்கும் பையன் ‘அதிகப்பிரசங்கி’. எதிர்க்கேள்வி கேட்கும் பெண் பிள்ளை ‘வாயாடி’. ‘கம்முனு இருக்கிறதே நல்ல பிள்ளைக்கு அழகு’ என்று பழக்கிவிட்டு, பத்தாம் வகுப்பில் ‘டவுட் இருந்தா கேட்க வேண்டியதுதானே?’ என்று திட்டுகிறோம்!

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை

வங்கக் கடலைத் தாண்டிப் போனால் இந்தோனேசியா. அங்கு அதிகம் பேருக்குத் தாய்மொழியான ஜாவா மொழியில், எதிரில் இருப்பவரின் வயதையும் அந்தஸ்தையும் பொறுத்து வார்த்தைகளே மாறும். நண்பனிடம் பேசுவது ‘ங்கோகோ’, பெரியவர்களிடம் பேசுவது ‘க்ரமா’. ஆனால், 1928-ல் கூடிய இளைஞர்கள் நாடு முழுமைக்குமான மொழியாக உறுதி எடுத்துக்கொண்டது, துறைமுகங்களில் வியாபாரிகள் பேசிவந்த மலாய் மொழியை. அதில் இத்தனை படிநிலைகள் இல்லை. நம் ராயபுரம் பேச்சைப் போல அதுவும் கடற்கரையில் பழகிய மொழி!

எல்லோரையும் சமமாக அழைக்க ‘ஆண்டா’ என்று ஒரு சொல்லை 1957-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனாலும், ஆசிரியரை நேராக ‘நீ’ என்றோ ‘ஆண்டா’ என்றோ சொல்ல இன்றைக்கும் பிள்ளைகள் தயங்குவார்கள். ‘பாக்’ (அப்பா), ‘பூ’ (அம்மா) என்று உறவு சொல்லித்தான் அழைப்பார்கள். நம் பையன் ‘மிஸ்... மிஸ்...’ என்றதும் கிட்டத்தட்ட இதுதான். அவர்களிடம் ஒரு பழமொழியும் உண்டு: ‘கேட்க வெட்கப்பட்டால் வழி தவறிப் போவாய்.’

பாயில் உட்கார்ந்த ஆசிரியர்

வாய் திறக்க வைக்க முடியாதா? நம் சென்னையே அதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. 2003 வாக்கில், அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ் முயற்சியில் மாநகராட்சிப் பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி அதற்கு முன்மாதிரி. 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுக்கப் பரவியது.

அதில் ஆசிரியர் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். கரும்பலகை பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. வருகையைப் பிள்ளைகளே குறித்தார்கள். நிறைகுறைகள் பற்றிப் பல விவாதங்கள் நடந்தன. ஆனால், ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கேள்வி கேட்க எழுந்து நிற்கவே வேண்டாம் என்பதைப் பல பிள்ளைகள் அங்கே அனுபவித்தார்கள். 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று பிள்ளைகளைப் பேச வைக்கும் முயற்சி தொடர்கிறது.

அப்போ ‘நீங்க’ வேண்டாமா?

கண்டிப்பாக வேண்டும். பேங்க்கில், போலீஸ் ஸ்டேஷனில், வேலைக்கான நேர்முகத் தேர்வில் ‘சார், நீ சொல்லு’ என்றால் நஷ்டம் நம் பிள்ளைக்குத்தான். வீட்டுப் பேச்சைப் பழிக்காமல், வெளிப்பேச்சையும் கூடவே கற்றுக்கொடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆசிரியர்களும் பெற்றோரும் செய்யக்கூடியவை சில:

* முதலில் கேள்விக்குப் பதில். திருத்தம் பிறகு.

* திட்டாமல் திருப்பிச் சொல்லுங்கள். “இன்னொரு தடவ சொல்லுங்க மிஸ்னு கேக்கறியா? இதோ சொல்றேன்!” பிள்ளை காதில் ‘ங்க’ விழுந்துவிடும்.

* எல்லோர் முன்னாலும் வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகளை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவே தடுக்கிறது.

* ‘வீட்ல இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அது பிள்ளையோடு சேர்த்து அம்மா, அப்பாவையும் அவமானப்படுத்துகிறது.

* நீங்களும் பிள்ளைகளை ‘வாங்க, உக்காருங்க’ என்று அழைத்துப் பாருங்கள். கேட்டுக் கேட்டு வருவதுதானே மொழி!

நாளைக்கு உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ ஒரு பிள்ளை, “பிரியல... இன்னொரு தபா சொல்லு” என்று வந்து நின்றால், முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். ‘ங்க’ பின்னாலேயே வந்துவிடும்.