எலும்பிற் பதிந்த இசை: றொக் பாடலும் நினைவும்

பழம் பாடலொன்று செவியில் விழுந்ததும் பழைய நாட்கள் மீளுதல் யாவரும் அறிந்ததே. பாடலின் சொற்பொருளோ இசையின் நயமோ உள்ளத்திற் புகுமுன்னரே, அதனை முதன்முதற் கேட்ட அறையும் அங்கு உடனிருந்தவர் முகமும் தோன்றிவிடுகின்றன. 1950 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் எழுந்து பிற நாடுகளிற் பரவிய றொக் இசை இவ்வியல்பை மிகுதியும் உடையது. அது இளைஞருக்கென்றே எழுந்த இசை. மனிதர் தம் வாழ்நாளைத் திரும்பி நோக்குங்கால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நிகழ்ச்சிகளே ஏனையவற்றினும் மிகுதியாக நினைவில் எழும் என்பது உளவியலார் பலகாலும் கண்ட முடிபு. ஆதலின் றொக் இசைக்கும் நினைவுக்கும் உள்ள உறவிற் புதுமை யாதுமில்லை என்று கூறுவாருமுளர்.

எனினும் கேட்டவரின் வயதொன்றையே காரணமாகக் கொள்ளுதல் பொருந்தாது. அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் குறும்ஹான்ஸல் என்னும் அம்மையாரும் அவர்தம் உடனாய்வாளரும் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. இருபது வயதளவினரான மாணவர்க்கு, 1955 முதல் 2009 வரை ஆண்டுதோறும் புகழ்பெற்று விளங்கிய பாடல்களின் பகுதிகள் இசைத்துக் காட்டப்பட்டன. அவர்தம் காலத்துப் பாடல்கள் நினைவுகளை எழுப்பியமை எதிர்பார்த்ததே. எதிர்பாராதது யாதெனின், அவர் பிறப்பதற்கு முன்னர், 1980 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வெளிவந்த பாடல்களும், அவற்றுக்கும் முந்திய 1960 ஆம் ஆண்டுகளின் பாடல்களும் தனித்தனியே ஓர் ஏற்றத்தைக் காட்டியமையாம். முன்னவை அம்மாணவரின் பெற்றோர் இளைஞராயிருந்த காலத்தன. பின்னவற்றுக்குப் பாட்டன் பாட்டிமார் காரணமாகலாம். அக்காலப் பாடல்களின் தரமே காரணமாதலும் கூடும். தாம் பிறவாத காலத்துப் பாடலோடு ஒருவருக்கு நினைவு எங்ஙனம் ஒட்டியது? வீட்டில் எவரோ அதனை அவரோடு பகிர்ந்தமையாலன்றோ? பாடலோடு ஒட்டி நிற்பது பெரும்பாலும் பாடலின் நினைவன்று, பகிர்ந்தவரின் நினைவே எனல் தகும்.

இதனை மிகத் தெளிவாகக் காட்டவல்லது சோவியத்து நாட்டு இளைஞரின் வரலாறு. பிற நாட்டார் கடையிற் காசு கொடுத்து வாங்கிய இசையை, அவர் கையிலிருந்து கைக்கு மறைவாகப் பெற்றே கேட்க நேர்ந்தது.

அவ்வரலாறு றொக் இசைக்கு முன்பே தொடங்கிற்று. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1946 ஆம் ஆண்டில், ஸ்ரனிஸ்லாவ் பிலோ என்பார் லெனின்கிராட் நகரத்து நெவ்ஸ்கிப் பெருவீதியில் ஒலிப்பதிவுக் கடையொன்றை நடத்தினார். அவரிடம் ஜேர்மனியிற் செய்த ரெலிபுங்கன் பொறியொன்றிருந்தது. வாடிக்கையாளர் தம் குரலைப் பதிந்து உறவினருக்கு ஒலிக்கடிதமாக அனுப்புதற்கெனவே அக்கடை வெளிப்பார்வைக்கு நடந்தது. ருஸ்லான் பொகஸ்லோவ்ஸ்கி என்னும் இளைஞர் அங்கு அடிக்கடி சென்று, பொறியின் அமைப்பைக் கண்ணால் அளந்து வந்து, தாமே அத்தகையதொன்றைச் செய்துகொண்டார். அவரும் நண்பரும் கூடி நடத்திய மறைவான பதிவகத்துக்குத் 'தங்கநாய்' என்று பெயர். இசைத்தட்டு நிறுவனமொன்றின் முத்திரையில் நாய் வீற்றிருப்பதைக் கண்டிருப்போர்க்கு அப்பெயரின் நகைச்சுவை விளங்கும்.

பொறி கிடைத்தது, தட்டுக்கு எங்குச் செல்வது? அதற்கு வேண்டிய பொருள் எளிதிற் கிடைக்கவில்லை. மருத்துவமனைகள் கழித்தொதுக்கும் எக்ஸ்-கதிர்ப் படங்களோ ஏராளமாயிருந்தன. சிறுதொகைக்கு, சிலவேளை ஒரு பொருளும் பெறாமலே, ஊழியர் அவற்றைக் கொடுத்தனர். படத்தைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி, நடுவிலே துளையிட்டு, பொறியில் ஏற்றினர். எரியும் சிகரெட்டினால் துளை சுட்டதும் உண்டு. மூலத்தட்டொன்று ஓட, அதன் ஒலிக்கேற்ப அதிரும் ஊசி படத்தின்மீது சுருளாகத் தவாளிப்பை வெட்டிச் சென்றது. ஒருமுறைக்கு ஒரு தட்டே பதியலாம். ஒரு பக்கமே பயன்படும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் கிராமபோனில் ஏறத்தாழ மூன்று நிமிடம் பாடும். ஓலையில் எழுத்தாணியாற் கீறி ஏடு பெயர்த்தெழுதிய தமிழர்க்கு இத்தொழில் முற்றிலும் அயலானதன்று. ஆயின் ஏடு தலைமுறைகளைக் கடந்து நின்றது. எலும்புத் தட்டோ சிலகாலம் ஓட்டிய அளவிலே தேய்ந்து போயிற்று.

மக்கள் இவற்றை 'விலா' என்றும் 'எலும்பு' என்றும் வழங்கினர். தட்டை ஒளிக்கு எதிரே பிடித்தால் எவரோ ஒருவருடைய மண்டையோடோ கைவிரலோ மார்பெலும்போ தோன்றும். முதலிற் பதிந்தவை பெரும்பாலும் நாட்டை விட்டகன்ற உருசியப் பாடகரின் பாடல்களும், தங்கோ முதலிய ஆடலிசையும், ஜாஸ் இசையுமே. றொக் இசை பிற்பட்டே வந்தது. பில் ஹேலி, எல்விஸ் பிறெஸ்லி முதலியோர் பாடல்கள் 1950 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இத்தட்டுகளில் ஏறின. 1957 ஆம் ஆண்டில் மொஸ்கோவில் நடந்த உலக இளைஞர் விழாவுக்குப் பல்லாயிரம் வெளிநாட்டு இளைஞர் வந்தமையும் அவ்விசையின்பால் எழுந்த வேட்கையைப் பெருக்கிற்று.

வாங்குதலும் விற்றலும் தெருமூலையில் நிகழ்ந்தன. விற்பவர் தட்டுகளை மேலங்கியின் கைக்குள் மறைத்து நின்றனர். ஏமாற்றமும் இல்லாமலில்லை: சில தட்டுகள் சிறிதுநேரம் இசைத்தபின், புதுப்பாட்டுக் கேட்க வந்தாயோ என வாங்கியவரையே ஒரு குரல் வைதது என்று அக்காலத்தவர் நகைத்துக்கொண்டு கூறுவர். தண்டனையோ நகைத்தற்குரியதன்று. 1950 ஆம் ஆண்டிற் பொகஸ்லோவ்ஸ்கியும் அவர் கூட்டாளிகளும் கைதாகிச் சிறை சென்றனர். 1953 ஆம் ஆண்டில் ஸ்ராலின் இறந்தபின் விடுதலை பெற்றவர், வெளிவந்ததும் அதே தொழிலுக்கே மீண்டனர். பொகஸ்லோவ்ஸ்கி பின்னரும் சிறை கண்டார். மூன்று நிமிடப் பாடலொன்றின்பொருட்டு ஆண்டுகளை இழப்பது பேதைமை என்று சொல்லுதல் எளிது. அத்தட்டுக்காக வீதிமுனையிற் காத்துநின்றவர் அங்ஙனம் கருதியிரார்.

இத்தகைய தட்டை ஒருவர் தனித்திருந்து கேட்டல் அரிது. தட்டு ஒருவரிடம், கிராமபோன் மற்றொருவரிடம். பெற்றோர் இல்லாத வீடு மூன்றாமவருடையது. ஆகவே ஒரு பாடலைக் கேட்பதற்கே சிலர் கூடவேண்டியதாயிற்று. ஒலியோ மிகக் கரடுமுரடானது. மணல் அரைப்பது போன்ற இரைச்சலுக்கு நடுவே பாடகர் குரல் தொலைவிலிருந்து வருவதுபோற் கேட்கும். ஆங்கிலம் அறிந்தவர் அவருள் மிகச் சிலரே. சொல்லும் விளங்காது, இசையும் தெளியாது என்ற நிலையிற் கேட்டவர் மனத்தில் நின்றது எது? கதவை மூடிய கையும், ஊசியை வைத்தவர் மூச்சையடக்கி நின்றமையும், தட்டில் தெரிந்த எலும்புமே நின்றன. பிற்காலத்தில் அதே பாடலின் தெளிவான பதிவைக் கேட்டவருட் சிலருக்கு, இரைச்சலில்லாமையால் ஏதோ குறைந்ததாகத் தோன்றிற்று எனின் அதில் வியப்பில்லை.

1960 ஆம் ஆண்டுகளில் வீடுகளில் ஒலிநாடாப் பொறி பெருகவே எலும்புத் தட்டு வழக்கொழிந்தது. அக்காலத்திலே புகழெய்திய பீற்றில்ஸ் குழுவினரின் பாடல்கள் நாடாவிலிருந்து நாடாவுக்குப் பெயர்ந்து நாடெங்கும் சென்றன. ஒவ்வொரு பெயர்ப்பிலும் ஒலி சற்று மங்கியது. அரசின் இசைத்தட்டு நிறுவனமாகிய மெலோடியா, 1967 ஆம் ஆண்டில் அவர்தம் 'கேர்ள்' என்னும் பாடலைத் தொகைத்தட்டொன்றிற் சேர்த்தபோது, இயற்றியவர் பெயரைக் கூறாது, அதனை நாட்டுப்பாடல் என்று குறித்தது. லிவர்பூல் நகரத்து இளைஞர் இருவர் அண்மையில் இயற்றிய பாட்டுக்கு இத்துணைப் பழைமை கிடைத்தமை விந்தையே.

பீற்றில்ஸ் குழுவினர் சோவியத்து நாட்டில் ஒருநாளும் பாடியதில்லை. 1988 ஆம் ஆண்டில், அவருள் ஒருவராகிய போல் மக்கார்ட்னி பழைய றொக் பாடல்களைத் தாம் பாடிப் பதிந்த தொகுதியொன்றை மெலோடியா வாயிலாக அந்நாட்டுக்கென்றே வெளியிட்டார். அவ்வாண்டில் நிலை தலைகீழாயிற்று; மேனாட்டு இரசிகரே உருசியாவிலிருந்து அத்தட்டைத் தேடிப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். 2003 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் நாள் மொஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் அவர் நேரிற் பாடியபோது, கூட்டத்தில் நரைத்த தலையினரும் பலர் இருந்தனர். அவர் இளமையில் நாடாவிற் கேட்ட பாடல்கள் ஒலிபெருக்கியில் முழுத்தெளிவோடு எழுந்தன.

இலண்டன் இசைஞராகிய ஸ்ரீபன் கோற்ஸ், சென். பீற்றர்ஸ்பேர்க் நகரத்துப் பழம்பொருட் சந்தையில் எலும்புத் தட்டொன்றைத் தற்செயலாகக் கண்டு, அதன்பின் அத்தட்டுகளையும் அவற்றைச் செய்தோர், வாங்கியோர் நினைவுகளையும் தேடித் தொகுத்தார். அத்தொகுப்பு 2015 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. கண்காட்சிகளும் பல நாடுகளில் நடந்தன. தேய்ந்துபோன தட்டின்மேல் இன்று ஊசியை வைத்தால் இரைச்சலுக்கு அடியிற் பாடல் இருப்பதை ஊகித்தே அறியவேண்டும். ஒளிக்கு எதிரே பிடித்தாலோ, பெயரறியா ஒருவருடைய விலா எலும்புகள், நடுவே துளையோடு, எண்ணக்கூடியனவாய்த் தெரிகின்றன.