கிளட்ச் மிதியும் பாஸ்கல் விதியும்

2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரை இன்றும் ஓட்டுவோர் உளர். ஒருநாள் கிளட்ச் மிதி எதிர்ப்பேதுமின்றித் தளம் வரை அமிழ்ந்துவிடும். கியர் விழாது கரகரக்கும். 'கியர் பெட்டியை இறக்க வேண்டும்' என்னும் தீர்ப்பு உடனே பிறந்துவிடுகின்றது. வாடகைக்கு ஓட்டுபவரின் பல நாள் வருவாய் அதோடு போயிற்று! அதற்குமுன் நாம் காண வேண்டியது ஒன்றுண்டு.

மூடிய கலத்தினுள் நீர்மத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எத்திசையும் குறையாது பரவும் என்பது பாஸ்கல் (1623-1662) கண்ட விதி. மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஆயிலைக் குழாய் வழியே தள்ளுகின்றது. கீழேயுள்ள ஸ்லேவ் சிலிண்டர் தன் தண்டால் கிளட்ச் நெம்புகோலை அசைக்கின்றது. ஒருவர் மிதிக்க, மற்றொருவர் அத்தண்டை நோக்குக. அது முழுதும் நகர்ந்தும் கிளட்ச் விடுபடவில்லையேல் பழுது உள்ளே; பெட்டியை இறக்கத்தான் வேண்டும். தண்டு நகரவில்லையேல் பழுது பெரும்பாலும் ஆயில் வழியிலேதான்.

ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினால் ஈரம் தெரியலாம். மிதியின் பின்புறம் கசியலாம். கசிவே இன்றி, பலமுறை மிதித்தால் மட்டும் அழுத்தம் எழுமாயின், காற்று புகுந்திருக்கும். அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கும்.

ரப்பரை மாற்றுமுன் சிலிண்டரின் உட்சுவரைத் தடவிப் பார்த்தல் நன்று. துருப்பள்ளம் இருப்பின் புதிய ரப்பரும் விரைவில் கெடும். சிலிண்டரையே மாற்றுதல் வேண்டும். பிரேக் ஆயிலுக்கு ஈடாக எஞ்சின் ஆயிலை ஊற்றும் சிக்கனம் பெருங்கேடு, ரப்பர் ஊதிப்போகும். இறுதியாக, ஒருவர் மிதியை அழுத்தியிருக்க, ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேற்றி, மிதி மேலெழுமுன் மூடிவிடுக. குமிழி நிற்கும்வரை இதனைத் தொடர்க. மேற்கலத்தில் ஆயில் வற்றவிடலாகாது.